காலம் கடந்த வாக்குமூலம்

அறியாமையால் விளையும் கேட்டுக்கு மருந்து உண்டு, கற்பித்தால் தீரும். அறிந்தவர் வாய் திறவாமையால் விளையும் கேட்டுக்கோ எளிதில் மருந்து கிடைப்பதில்லை. நாடுகளின் தலைவிதியைத் தீர்மானிக்கும் அவைகளில் அமர்ந்திருப்போர் பெரும்பாலும் நன்கு கற்றவர்கள். அப்படியிருந்தும் உலக அரங்கில் பெரும் பிழைகள் ஏன் மீண்டும் மீண்டும் நிகழ்கின்றன? இவ்வினாவுக்கு விடை தேடுவோர் தவறாது படிக்க வேண்டிய நூல் ஒன்று உண்டு. அது தரும் விடையைக் காட்டிலும் அது மறைக்கும் விடையே நமக்குப் பெரும் பாடமாகிறது.

ராபர்ட் மக்னமாரா எழுதிய 'இன் ரெட்ராஸ்பெக்ட்' என்னும் நினைவுநூல் 1995 ஏப்ரலில் வெளிவந்தது. வியட்நாம் போர் முடிந்து இருபது ஆண்டுகள் நிறைவுற்ற வேளை அது. கென்னடி, ஜான்சன் ஆகிய இரு அதிபர்களின் கீழ் 1961 முதல் 1968 வரை அமெரிக்காவின் பாதுகாப்புச் செயலராக இருந்தவர் அவர். போரை முன்னின்று நடத்தியவரே, நாங்கள் தவறிழைத்தோம் என்று எழுதியதால் நூல் வெளிவந்ததும் பெரும் புயல் எழுந்தது. ஆசிரியர் 2009-இல் மறைந்தார். நூல் எழுப்பிய வினாவோ இன்னும் மறையவில்லை; ஆதலின் அதனை மறுபடியும் எடுத்து நோக்குதல் தகும்.

மேதைகளின் அவை

மக்னமாரா ஹார்வர்டு வணிகப் பள்ளியில் பயின்று, அங்கேயே கற்பித்தவர். ஃபோர்டு நிறுவனத்தின் தலைவராக உயர்ந்த சில வாரங்களிலேயே அரசுப் பணிக்கு அழைக்கப்பட்டவர். அவருடன் இருந்த மக்ஜார்ஜ் பண்டி, ஹார்வர்டில் கலை அறிவியல் புலத்தின் தலைவராக இருந்தவர். வால்ட் ராஸ்டோ பொருளாதார வரலாற்றுப் பேராசிரியர். இவர்களைப் பற்றி 1972-இல் நூல் எழுதிய டேவிட் ஹால்பர்ஸ்டாம், 'மிகச் சிறந்தோரும் மதிநுட்பம் மிக்கோரும்' என்று பொருள்படும் தலைப்பை அதற்கு இட்டார். புகழ்ச்சி போல் ஒலிக்கும் அத்தலைப்பு உண்மையில் ஓர் அங்கதம். அத்தகைய அறிவாளிகள் ஒன்றுகூடிய அவையிலிருந்துதான் அப்போர் பிறந்தது.

நூலின் நிறைகளை முதலில் சொல்லிவிடுவோம். ஆசிரியர் தம் அரசின் பிழைகளுக்குப் பதினொரு காரணங்களை வரிசைப்படுத்துகிறார். எதிரியின் நோக்கத்தைத் தவறாகக் கணித்தது, வியட்நாமிய மக்களின் தேசிய உணர்வைக் குறைத்து மதிப்பிட்டது, அவர்தம் வரலாற்றையும் பண்பாட்டையும் அறியாதிருந்தது, தம் நாட்டு மக்களிடம் உண்மையை விளக்காதது என்று அப்பட்டியல் நீள்கிறது. ஆட்சியில் இருந்தோர் எழுதும் நினைவுநூல்கள் பெரும்பாலும் தற்புகழ்ச்சியாக முடியும். இந்நூல் அவ்வாறன்று. அவ்வளவில் இது மதிப்புக்குரியது.

ஆயினும் ஒரு மனிதர் தம் குற்றத்தை எவ்வாறு பெயரிடுகிறார் என்பதில்தான் எல்லாம் அடங்கியுள்ளது. மக்னமாரா அதனைக் கணிப்புப் பிழை என்கிறார். திறமைக் குறைவு என்கிறார். தொழிற்சாலையின் கணக்குப் புத்தகத்தில் நேர்ந்த தவறு போன்று அது நம் முன் வைக்கப்படுகிறது. அந்த அவையின் நோயே இதுதான் என்று நமக்குத் தோன்றுகிறது. எல்லாவற்றையும் எண்ணால் அளக்கலாம் என்று நம்பியவர்கள் அவர்கள். வீழ்த்தப்பட்ட எதிரிகளின் உடல்களை எண்ணி, அந்த எண்ணிக்கையைக் கொண்டே போரின் முன்னேற்றத்தை அளந்தார்கள். எண்ணுதற்கு எளிதானதை எண்ணினார்கள். ஓர் உழவன் தன் மண்ணின்மீது கொண்ட பற்றை எண்ண இயலாது போகவே, அதனை ஏட்டில் சேர்க்காது விட்டார்கள்.

அறிந்தோர் இல்லாமையா?

வியட்நாமைப் பற்றி எடுத்துரைக்க எங்களுக்கு வல்லுநர் வாய்க்கவில்லை என்று ஆசிரியர் முறையிடுகிறார். இதில் பாதி உண்மை உண்டு. சீனாவை நன்கறிந்த அமெரிக்கத் தூதரக அதிகாரிகள் பலர் 1950-களின் கம்யூனிச வேட்டையில் பதவி இழந்தனர். மறுபாதியை ஆசிரியர் எளிதில் கடந்து செல்கிறார். வெளியுறவுத் துறையின் துணைச் செயலர் ஜார்ஜ் பால் 1964 அக்டோபரிலேயே 67 பக்க அறிக்கை எழுதி எச்சரித்தார். பிரெஞ்சுக்காரர் அம்மண்ணில் பட்ட பாட்டை நேரில் ஆய்ந்து நூல்கள் எழுதிய பெர்னார்டு ஃபால் அமெரிக்கத் தலைநகரிலேயே கற்பித்துக்கொண்டிருந்தார். ஹான்ஸ் மார்கெந்தாவ் என்னும் பேரறிஞர் போரை வெளிப்படையாக எதிர்த்தமையால், 1965-இல் அரசின் ஆலோசகர் பொறுப்பிலிருந்து நீக்கப்பட்டார். ஆக, சொல்வதற்கு ஆள் இருந்தார்கள்; கேட்பதற்கு அந்த அவைக்கு மனம் இருக்கவில்லை.

இனி நூலின் நடு நரம்புக்கு வருவோம். 1965 நவம்பர் இறுதியில் வியட்நாம் சென்று திரும்பிய மக்னமாரா, மேலும் படை அனுப்பினாலும் வெற்றி உறுதியில்லை என்றும், மாதந்தோறும் ஆயிரம் அமெரிக்க வீரர்கள் மடியக்கூடும் என்றும் அதிபருக்கு எழுதினார். எழுதிய அதே கையால் மேலும் படை அனுப்பவும் பரிந்துரைத்தார். 1967 ஆகஸ்டில் செனட் துணைக்குழு முன்பு குண்டுவீச்சின் பயன் குறைவு என்று துணிந்து கூறியது உண்மையே. அவ்வாண்டு நவம்பரில் குண்டுவீச்சை நிறுத்தவேண்டும் என்று அதிபருக்கு எழுதியதும் உண்மையே. ஆயினும் இப்போரில் வெல்ல இயலாது என்று நாட்டு மக்களிடம் அவர் சொல்லவில்லை. 1968-இல் விலகி உலக வங்கியின் தலைவரானார். 1981 வரை அங்கிருந்தார். அப்போரில் மடிந்த அமெரிக்கர் 58,000-க்கும் மேற்பட்டோர். அவர்களில் பாதிக்கும் மேலானோர் அவர் பதவி விலகிய பின்னர் மடிந்தவர்கள். வியட்நாம் அரசு 1995-இல் வெளியிட்ட கணக்கின்படி, அந்நாட்டில் மடிந்த பொதுமக்கள் மட்டும் ஏறத்தாழ இருபது இலட்சம்.

ஏன் பேசவில்லை? அதிபரால் நியமிக்கப்பட்டவர் அதிபரை எதிர்த்துப் பேசுவது தாம் ஏற்ற உறுதிமொழிக்கு மாறானது என்பது ஆசிரியரின் வாதம். இதனை எளிதில் புறந்தள்ள நாம் விரும்பவில்லை. விசுவாசம் ஓர் அறமே. உடனிருந்தவர்கள் ஒவ்வொருவரும் வெளியே சென்று பேசத் தொடங்கினால் எந்த அவையும் நிலைக்காது. எனினும் அவர் ஏற்ற உறுதிமொழி அரசியலமைப்பின் பெயரால் ஏற்றது. ஒரு மனிதரின் பெயரால் ஏற்றது அன்று. ஒருவர்க்குக் காட்டும் விசுவாசம் பல்லாயிரவரின் உயிரை விலையாகக் கேட்கும்போது அது அறம் என்னும் பெயரை இழந்துவிடுகிறது. மேலும், 1969-இல் ஜான்சனும் பதவியை விட்டுப் போனார். 1973-இல் மறைந்தும் போனார். அதற்குப் பின்னரும் இருபத்திரண்டு ஆண்டுகள் அந்த வாய் மூடியே இருந்தது. 2003-இல் வெளிவந்த ஆவணப்படம் ஒன்றில் இதே வினா நேருக்கு நேர் எழுப்பப்பட்டபோதும் அவர் விடை கூற மறுத்தார்.

பேசியவர்கள் விலை கொடுத்தார்கள். 1964 ஆகஸ்டில் டோன்கின் வளைகுடாத் தீர்மானத்தைச் செனட்டில் எதிர்த்தவர் இருவரே. 88 பேர் ஆதரித்தனர். அவ்விருவராகிய வெய்ன் மோர்ஸும் எர்னஸ்ட் குரூனிங்கும் 1968-இல் தம் பதவியை இழந்தனர். மக்னமாரா ஆணையிட்டுத் தொகுத்த போர் ஆவணங்களை 1971-இல் வெளிக்கொணர்ந்த டேனியல் எல்ஸ்பெர்க் நீண்ட சிறைத்தண்டனைக்கு அஞ்சவில்லை. தொகுக்கச் சொன்னவர் மௌனம் காக்க, தொகுத்தவர்களுள் ஒருவர் பேசினார்.

பரிகாரம் எங்கே?

மனவருத்தம், அறிக்கை, பரிகாரம் ஆகிய மூன்றும் கூடியதே முழுமையான ஒப்புரவு என்பது நம் திருச்சபை மரபு. இந்நூலில் மனவருத்தம் உண்டு. அறிக்கையும் ஒருவாறு உண்டு. பரிகாரத்திற்கு உரிய காலம் 1968. அப்போது கூறியிருந்தால் அச்சொல் உயிர்களைக் காத்திருக்கக்கூடும். 1995-இல் கூறியபோது அது வரலாற்றுக்கு ஒரு சான்றாக மட்டுமே நின்றது. கண் கெட்ட பின்னர்ச் சூரிய நமஸ்காரம் என்னும் நம் பழமொழி கடுமையானதுதான். இங்கே அது பொருந்துகிறது. இன்னொரு குறையும் உண்டு. நூலின் பெரும்பகுதி அதிகார அறைகளுக்குள்ளேயே நிகழ்கிறது. வயல்வெளியில் மாண்ட வியட்நாமியர் அதில் மிகக் குறைவாகவே இடம் பெறுகின்றனர்.

பிற்காலத்தார் இந்தப் பதினொரு பாடங்களைப் படித்தார்களா? 2003-இல் ஈராக்கின் மீது படையெடுத்தபோது காட்டப்பட்ட காரணம் பேரழிவு ஆயுதங்கள். அத்தகைய ஆயுதக் குவியல்கள் அங்கில்லை என்பது பின்னர் உறுதியாயிற்று. முன்னணி நாளிதழான நியூயார்க் டைம்ஸ் தன் செய்திகளில் போதிய ஐயம் காட்டவில்லை என்று 2004 மே மாதத்தில் ஒப்புக்கொண்டது. பிரித்தானியாவின் விசாரணை அறிக்கை 2016-இல்தான் வெளிவந்தது. இங்கும் வாக்குமூலங்கள் இறுதிச் சடங்குகளுக்குப் பின்னரே வந்து சேர்ந்தன. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. பிரித்தானிய அமைச்சர் ராபின் குக், படையெடுப்புக்கு முன்னரே 2003 மார்ச் 17 அன்று பதவி விலகி, அன்றே மக்களவையில் எழுந்து தம் காரணத்தைச் சொன்னார். போரை அவரால் தடுக்க இயலவில்லை. எனினும், பதவியில் இருந்தவரால் அவ்வாறு பேசியிருக்கவே முடியாது என்று இனி எவரும் சாக்குச் சொல்ல முடியாதபடி செய்துவிட்டார்.

மக்னமாராவின் நூலை வெறுப்போடு படிக்கத் தேவையில்லை. தீயவர் ஒருவரின் நூலாக இருந்தால் அதனை மூடிவைத்துவிட்டு நாம் நிம்மதியாக உறங்கலாம். இது கடமையுணர்வும் கூர்மதியும் மிக்க ஒருவரின் நூல் என்பதே நம்மை உறங்க விடாமல் செய்கிறது. அவருக்குத் தெரிந்திருந்தது. அதைச் சொல்வதற்கு ஏழு ஆண்டுகள் பதவியும், பின்னர் இருபத்தேழு ஆண்டுகள் ஓய்வும் இருந்தன. அறிவு தன் கடனைச் செலுத்துதற்கு ஒரு தவணை உண்டு. அது தவறினால் வட்டியைச் செலுத்துவோர் பிறர் வீட்டுப் பிள்ளைகளே.