எலும்பு விழுங்கி

ஒரே பறவைக்கு மூன்று பெயர்கள். வங்காளத்திலும் அஸ்ஸாமிலும் ஹர்கிலா, அதாவது எலும்பை விழுங்குவது. ஆங்கிலேயன் வைத்தது அட்ஜுடன்ட். அணிவகுப்பில் விறைத்து நடக்கும் ராணுவ அதிகாரி அது. நம் பறவை நூல்களில் பெருநாரை. முதல் பெயர் அது என்ன செய்கிறது என்கிறது. இரண்டாவது, யாரைப் போலிருக்கிறது என்கிறது. மூன்றாவது அளவைச் சொல்லி நிறுத்திக்கொள்கிறது. அடியார்க்கு நல்லார் காலத்திலேயே அழிந்துபோயிருந்த ஓர் இசை நூலுக்கும் பெருநாரை என்றுதான் பெயர். உள்ளே ஒன்றும் மிஞ்சவில்லை.

நம் கவிதைகளில் வரும் நாரையும் இந்த மூன்றாவது ஜாதி. ஒற்றைக் காலில் நிற்கும், வெள்ளையாக இருக்கும், தனிமை என்று அர்த்தம். கொக்கா நாரையா என்று எழுதியவருக்கே தெரியாது. சத்திமுத்தப் புலவர் காலின் நிறத்தைப் பார்த்தார், அலகைப் பார்த்தார், எந்தத் திசைக்குத் திரும்புகிறது என்பதையும் பார்த்தார். செங்கால் நாரை குளிர்காலத்தில் வந்து வடக்கே திரும்பும் பறவை. அதனால்தான் மதுரையிலிருந்து அவருடைய சேதி ஊர் போக முடிகிறது. பார்வை பிசகியிருந்தால் உருக்கமும் பொய்யாகியிருக்கும்.

வேலூர்ப் பக்கத்தில் எழுதுகிறவனுக்கு இரண்டாவது பெயர் உறுத்த வேண்டும். 1806ல் கோட்டைச் சிப்பாய்களுக்குத் தோல் குஞ்சம் வைத்த புதுத் தலைப்பாகையைக் கொண்டுவந்ததில் முன்நின்றவர் சென்னைப் படையின் அட்ஜுடன்ட் ஜெனரல் ஆக்னியூ. ஜூலை 10 அன்று கலகம் வெடித்தது. பசுத்தோல், பன்றித்தோல் என்ற மத அச்சம் ஒரு காரணம் என்று பாடம் சொல்கிறது. தோலைத் தொடுகிறவனைத் தள்ளிவைத்த பழக்கமும் அந்த அருவருப்புக்குள் இல்லையா? இந்தக் கேள்வியை எந்தக் கவிதையும் கேட்டதாகத் தெரியவில்லை.

ஆம்பூரில் தைத்த செருப்பு வெளிநாட்டுப் பெயரைச் சூடிக்கொண்டு கப்பலேறுகிறது. தோல் என்ற சொல்லும் அதன் வாடையும் தொழிலாளியோடு தங்கிவிடுகின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கல்கத்தாவில் பிணத்தையும் கழிவையும் தின்று தெருவைச் சுத்தம் செய்த பறவைக்கும் இதே நியாயம்தான் கிடைத்தது. நகராட்சிச் சின்னத்தில் இடம், மனிதர் மனத்தில் அருவருப்பு.

அஸ்ஸாமில் கூட்டின் நாற்றம் தாளாமல் மரத்தையே வெட்டினார்கள். பூர்ணிமா தேவி பர்மன் திரட்டிய கிராமத்துப் பெண்கள் இன்று அந்தப் பறவையைத் துணியில் நெய்கிறார்கள். 2022ல் ஐ.நா. விருதும் வந்தது. நமக்கு முக்கியம் விருதல்ல. அவர்கள் பெயரை மாற்றவில்லை. ஹர்கிலாவை ஹர்கிலா என்றே நெய்தார்கள். சொல் அதேதான், சொல்லுகிறவளின் குரல் மாறியது.

டேனரிச் சுவருக்குப் பக்கத்தில், மணலாய்க் கிடக்கும் பாலாற்றைப் பார்த்துக்கொண்டு, வெண்ணிற நாரை என்று எழுதுவது சுத்தம் பார்ப்பது. எலும்பை எடுத்துவிட்ட பெயரால் நமக்குப் பிரயோஜனமில்லை.