கைக்குள் ஒரு துரப்பணம்

வில்லும் கயிறுமாகத் துரப்பணத்தை இழுத்துத் துளையிட்ட தச்சர்களின் கைத்திறம் எனக்குப் பெருவியப்பு. அந்த வேலையை இன்று பேட்டரி டிரில் எளிதாக்கிவிட்டது. மின்கம்பி இல்லாத முதல் டிரில்லை 1961-இல் பிளாக் அண்ட் டெக்கர் கொண்டுவந்தது.

கல்லிடைக்குறிச்சி அக்ரஹாரத்துப் பழைய வீட்டுக்கும் பாளையங்கோட்டைப் புதுவீட்டுக்கும் சுவர் வேறு; டிரில்லையும் சுவருக்கேற்பத் தேர்ந்தெடுக்க வேண்டும். செங்கல்லுக்கும் மரத்துக்கும் இம்பாக்ட் வசதியுள்ள 12 வோல்ட் டிரில் போதும். கான்கிரீட் தூணிலும், கதவு ஜன்னலுக்கு மேலுள்ள லிண்டலிலும் அது திணறும். அங்கே மின்கம்பியுள்ள ரோட்டரி ஹாமரை வாடகைக்கு எடுப்பதே சிக்கனம்.

விலை குறைவாக வாங்கினாலும் மூன்றைப் பாருங்கள்: லித்தியம் அயான் பேட்டரி இரண்டு, துளைமுனையைப் பிடிக்கும் 10 மி.மீ. சக், கிளட்ச் வளையம். நான் மிகவும் ரசிப்பது அந்த வளையத்தைத்தான். திருகாணி இறுகியதும் 'கடகட'வென்று நழுவி, மரம் பிளக்காமல் காக்கும். மிச்சப் பணத்தை நல்ல பிட்டுகளில் போடுங்கள். சுவருக்குக் கார்பைடு முனை, மரத்துக்குக் கூர்நடு முனை.

சுவிட்ச் பெட்டிக்கு நேர்மேலே மட்டும் துளையிடாதீர்கள். உள்ளே ஒயர் ஓடும். மற்றபடி, திரைச்சீலைக் கம்பியும் புத்தக அலமாரியும் இனி உங்கள் கைவேலை.