எண்ணுக்கு அடியில் ஒரு எண்

கெங்கவல்லிப் பக்கம் பழைய வீட்டுப் பரணில் ஒரு தகர டப்பா அகப்படலாம். நாலைந்து செப்புக் காசும், அம்மாயியின் காசுமாலையிலிருந்து கழன்ற விக்டோரியா ரூபாய் ஒன்றும் கிடக்கும். எடுத்த கையோடு புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். காசு பளபளக்கும், பார்க்க வேண்டியது போய்விடும்.

காலை வெயில் சாய்வாக விழும் திண்ணையில் உட்காருங்கள். பத்து மடங்கு லென்ஸ் போதும். காசை மெல்லத் திருப்பிக்கொண்டே ஆண்டின் கடைசி இலக்கத்தைப் பாருங்கள். அந்தக் காலத்தில் எஃகு அச்சு வெட்டுவது செலவு பிடித்த வேலை. ஆண்டு மாறியும் அச்சு தேயாதிருந்தால், பழைய இலக்கத்தின் மேலேயே புதியதைத் தட்டி ஓட்டிவிடுவார்கள். பழையது முழுசாக மறையாது. 7-இன் கால் ஓரத்தில் 6-இன் வயிறு எட்டிப் பார்க்கும். அமெரிக்காவில் 1942 பத்து சென்ட் சிலவற்றில் 2-க்கு அடியில் 1 தெரியும். 1941-இன் உருவையும் 1942-இன் உருவையும் ஒரே அச்சில் அழுத்திவிட்ட குளறுபடி அது.

ஏமாறாமலிருக்க ஒரே சோதனை: அடி இலக்கத்தின் மிச்சம் மேடாக இருக்க வேண்டும். பள்ளமாக இருந்தால் வெறும் கீறல். ஆசை கண்ணை மறைக்கும். எனக்கும் பலமுறை மறைத்திருக்கிறது.

நம் காசுகளில் வேடிக்கை வேறு மாதிரி. 1862 என்று போட்ட ரூபாயை 1862-இல் அடித்ததாக நம்பாதீர்கள். 1874 வரும்வரை அதே ஆண்டையே போட்டு அடித்தார்கள். ஆண்டை ஒட்டியுள்ள சின்னப் புள்ளிகளை எண்ணுங்கள். உண்மையான ஆண்டுக்கான குறிப்பு அவை என்பது ஆய்வாளர் கருத்து. சென்னையில் அடித்த ஆர்க்காட்டு ரூபாய் இன்னும் மோசம். ஹிஜ்ரி 1172, அதாவது 1758-59, அரை நூற்றாண்டு கழித்தும் அதிலேயே நின்றது. 1792-இல் திப்புவிடமிருந்து சேலம் சீமை கிழக்கிந்தியக் கும்பெனி கைக்குப் போனபின் இங்கே வரி கட்டியவர்களுக்கு காசிலிருந்த ஆண்டு என்ன பொருட்டாக இருந்திருக்கும்?

எனக்குப் பிடித்தது கோபுரக் காசு. 1807-ஐ ஒட்டிச் சென்னை நாணயச் சாலையில் அடித்த வெள்ளி அரை வராகன். ஒருபுறம் கோபுரம், சுற்றிலும் நட்சத்திரங்கள். மறுபுறம் பெருமாள், தமிழிலும் தெலுங்கிலும் எழுத்து. ஸ்பானிய டாலர்களின் மேலேயே இதை அடித்ததும் உண்டு. கோபுரத்தின் பக்கத்தில் வெற்றிடமாகத் தோன்றும் இடத்தில் வெளிச்சத்தைச் சாய்த்துப் பாருங்கள். ஸ்பெயின் அரசர் பெயரின் ஓரிரு எழுத்து நசுங்கித் தெரியலாம். இந்தக் காசில் கும்பெனி ஆண்டே போடவில்லை. அதிர்ஷ்டமிருந்தால் அடியில் ஸ்பானிய ஆண்டு ஒன்று அகப்படும், கோபுரத்தின் அடிவாரத்திலோ பெருமாளின் காலடியிலோ.