கிண்டிக் காட்டில் இரண்டு சாயல்கள்

புதிதாக எழுந்த நாடு தன் கட்டடங்களை எந்தச் சாயலில் கட்டுவது? துருக்கி இதில் தடுமாறியது. 1923இல் குடியரசானதும் அங்காராவில் உஸ்மானியக் குவிமாடங்களோடு கட்டினார்கள். சில ஆண்டுகளிலேயே அதைக் கைவிட்டு, ஜெர்மன், ஆஸ்திரியக் கட்டடக் கலைஞர்களை வரவழைத்து அலங்காரமற்ற நவீன பாணிக்கு மாறினார்கள். நாமோ இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டோம். கிண்டி சர்தார் படேல் சாலையில் 1956இல் திறந்த காந்தி மண்டபம் கோயில் சாயல். 1959இல் மேற்கு ஜெர்மனியின் உதவியோடு தொடங்கிய ஐஐடி கான்கிரீட். இரண்டுக்கும் நிலம் கொடுத்தது ஒரே காடு.

மண்டபத்தின் பலம், அதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை என்பது. தூணைப் பார்த்ததும் உட்காரத் தோன்றும், உட்காருகிறார்கள். ஆனால் பல மதத்தவரின் குடியரசு, தன் தேசப்பிதாவுக்கு ஒரு மதத்தின் வடிவத்தை எடுத்துக்கொண்டது சறுக்கல்தான். மதுரை மீனாட்சி கோயிலுக்குள் தலித்துகளும் நாடார்களும் நுழைந்ததே 1939இல்தான். பதினேழு ஆண்டுகளில் அரசே ஒரு 'கோயில்' கட்டி எல்லாரையும் உள்ளே விட்டது என்று இதைப் பரிவோடும் வாசிக்கலாம். எனக்கு அந்த வாசிப்பில் பாதி சம்மதம். பிறகு ராஜாஜி, காமராஜர், பக்தவத்சலம் என்று அதே வளாகத்தில் நினைவிடங்கள் வரிசைகட்டியபோது, நாட்டின் நினைவு தலைவர்களின் நினைவாகச் சுருங்கியது.

ஐஐடிக்கு மதச் சாயல் இல்லை. சாதாரண ஆளுக்கு உள்ளே வேலையும் இல்லை. மதில் மான்களையும் மரங்களையும் காப்பாற்றியது. ஊரையும் வெளியே நிறுத்தியது. இந்த மாதிரிக்கு முன்னோடி தாம்பரம். 1937இலேயே சென்னைக் கிறித்தவக் கல்லூரி பாரிமுனை நெரிசலை விட்டு சேலையூர்க் காட்டுக்குள் குடியேறி, மாணவர் தங்கும் விடுதிகளைக் கல்வியின் மையமாக்கியது. சேர்ந்து வாழ்வதைக் கட்டடத்தால் பழக்கும் எண்ணம் அருமையானது. அது உள்ளே இடம் கிடைத்தவர்களுக்கு மட்டும்.

மதச் சாயல், ஊரை வெளியே நிறுத்தும் மதில் என்ற இந்த இரண்டு குறையும் இல்லாத கட்டடம் கோட்டூர்புரத்தில் 2010இல்தான் வந்தது: அண்ணா நூற்றாண்டு நூலகம். அதிலும் அன்றைய ஆளுங்கட்சியின் முத்திரை உண்டு. அடுத்த ஆண்டே ஆட்சி மாறியதும் அதைக் குழந்தைகள் மருத்துவமனையாக்கப்போவதாக அறிவித்தார்கள். வாசகர்களும் எழுத்தாளர்களும் எதிர்த்தார்கள். உயர் நீதிமன்றம் தடை விதித்தது.