தடத்தில் ஓடும் பேனா

எம்.சி. ரோட்டு நடைபாதை, கும்மிடிப்பூண்டி மின்சார ரயில், இணையக் கடை என்று எங்கும் விற்கிறது ‘மேஜிக் காப்பி புக்’. எழுத்து பள்ளமாகப் பதிந்த தாளில் பேனாவை ஓட்டினால் அழகான எழுத்து வரும்; சற்று நேரத்தில் மை மறைந்துவிடும்; மறுபடி ஓட்டலாம். புள்ளிக்கோட்டு ஒர்க்‌ஷீட் இதன் ஏழைத் தம்பி. ராயபுரம் முதல் எண்ணூர் வரை டியூஷன் வீடுகளில் அதை ஜெராக்ஸ் போட்டுக் குவிக்கிறார்கள். கேட்டால், “எழுத எழுதத்தானே கை திரும்பும்?” என்கிறார்கள்.

கை திரும்பும், மறுக்கவில்லை. பென்சில் பிடிக்கப் பழகாத விரலுக்கு ‘ழ’வும் ‘ண’வும் லேசில் வராது; பள்ளம் கொஞ்ச நாள் தாங்கும். விடிவதற்குள் காசிமேட்டு மீன் ஏலத்துக்குப் போய்விடும் அம்மாவுக்கும், நைட் ஷிப்ட் முடிந்து வரும் அப்பாவுக்கும் பிள்ளை தானாக உட்கார்ந்து எழுதுவது பெரிய நிம்மதி.

ஆனால் அது எழுதுகிறதா என்பதுதான் என் பழைய சண்டை. எங்கே தொடங்கலாம், எந்தப் பக்கம் வளைக்கலாம், எங்கே நிறுத்தலாம் என்று யோசித்துத் தடுமாறும்போதுதான் எழுத்து மனத்தில் ஏறுகிறது. பள்ளம் அந்த யோசனையைப் பிடுங்கிக்கொள்கிறது. இந்தியானா பல்கலைக்கழகத்தின் கரின் ஜேம்ஸும் லாரா எங்கல்ஹார்ட்டும் 2012-இல் வெளியிட்ட ஆய்வில், இன்னும் வாசிக்கத் தெரியாத ஐந்து வயதுப் பிள்ளைகள் சில எழுத்துகளைத் தாமாக எழுதினார்கள், சிலவற்றைக் கோட்டின் மேல் வரைந்தார்கள், சிலவற்றைத் தட்டச்சு செய்தார்கள். பிறகு அவற்றைக் காட்டி மூளையை ஸ்கேன் செய்தபோது, வாசிப்புக்கான பகுதிகள் தாமாக எழுதிய எழுத்துகளுக்கே விழித்தன. சிறிய ஆய்வுதான், ஆங்கில எழுத்துகள்தான். தமிழில் நிலைமை இன்னும் மோசம் என்பேன்.

புள்ளிக்கோட்டில் ‘க்’ எப்படி இருக்கும்? எழுத்தே புள்ளிகளால் ஆனது. அதன் தலையில் இன்னொரு புள்ளி. மெய்யையும் உயிர்மெய்யையும் பிரிக்கிற ஒரே அடையாளம் கூட்டத்தில் காணாமல் போகிறது. அடுத்தது கொம்பு. ‘திருவொற்றியூர்’ என்ற ஏழெழுத்தையே எடுத்துக்கொள்வோம். ‘வொ’ என்று வாய் சொல்லும்போது வகரம் முந்தும், ஒகரம் பிந்தும். தாளிலோ கொம்பு முதலில், பிறகு ‘வ’, அதன்பின் கால். காதில் விழுந்ததைக் கை முன்பின்னாக மாற்றிப் போட வேண்டும். பள்ளத்தில் ஓட்டும் பிள்ளைக்கு அந்த வேலையே கிடையாது. இடமிருந்து வலமாக மூன்று உருவங்களைக் கடந்துவிடுகிறது. நூறு முறை ஓட்டிய பிள்ளையிடம் வெறுந்தாளைக் கொடுத்து ஊர்ப்பெயரைச் சொல்லிப் பாருங்கள்: கொம்பைத் தேடும், ‘ற்’ புள்ளியை விடும், காலுக்கும் ‘ர’வுக்கும் நடுவே திணறும். இத்தனை நாள் ஓட்டிய பக்கங்களைப் புரட்டினாலும் எந்த எழுத்தில் அது தடுமாறுகிறது என்று கண்டுபிடிக்க முடியாது. தடுமாறவே விடாத புத்தகம் அது. போதாக்குறைக்கு மையும் மறைந்துவிடுகிறது!

இந்தச் சென்னைக்கு வேறு வழி தெரியாமல் இல்லை. எழும்பூர் ஆண்கள் அநாதை இல்லத்தை 1789 முதல் நடத்திய ஆண்ட்ரூ பெல், நம் திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதுவதைப் பார்த்துத் தன் பள்ளியிலும் அதையே செய்யச் சொன்னார். ஆசிரியர்கள் முரண்டு பிடிக்க, எட்டு வயது மாணவனை விட்டே சொல்லிக்கொடுக்க வைத்தார். 1797-இல் லண்டனில் அதைப் புத்தகமாகவும் போட்டார். 2003-இல் எம்.பி. விஜயகுமார் மாநகராட்சி ஆணையராக இருந்தபோது தொடங்கிய செயல்வழிக் கற்றலில் ஆயிரம் குறை சொல்லலாம். ஆனால் சுவரடியில் பிள்ளை உயரத்துக்குக் கரும்பலகை அடித்து ஆளுக்கொரு இடம் கொடுத்தார்களே, அங்கே பள்ளமும் இல்லை, புள்ளியும் இல்லை. பிள்ளை கோணலாக எழுதும், அழிக்கும், மறுபடி எழுதும். டீச்சருக்கு ஒரு பார்வையில் எல்லாம் தெரிந்துவிடும்.

கோணல்தான் இன்று யாருக்கும் ஆகவில்லை. கையெழுத்துப் போட்டிகளைப் பாருங்கள்: அச்சடித்த பத்தியைக் கொடுத்து, பார்த்து எழுதச் சொல்லி, முத்து முத்தாக வந்தால் கேடயம். அதில் ஒரு வரியைக்கூட வாசிக்கத் தெரியாத பிள்ளையும் ஜெயிக்கலாம். நடுவர்கள் அந்தத் தாளை வாங்கி வைத்துவிட்டு வஞ்சிரம், சங்கரா, கொடுவா என்று கடற்கரைப் பிள்ளைக்குத் தெரிந்த நாலு மீன் பெயரைச் சொல்லி எழுதச் சொல்லட்டும். கேடயம் யார் வீட்டுக்குப் போகிறது என்று அப்போது பார்க்கலாம்.