கரண்டியைத் திருப்பிப் பாருங்கள்

பழைய ஆங்கிலேய வெள்ளிக் கரண்டி ஒன்று கையில் கிடைத்தால் அதன் முகத்தைப் பார்த்து மயங்காதீர்கள். முதலில் திருப்புங்கள். காம்பின் பின்பக்கம், அரிசி மணியை விடச் சிறிதாக நான்கைந்து குத்துகள் வரிசையாக இருக்கும். பத்து மடங்கு லென்ஸைக் கண்ணோடு சேர்த்துப் பிடித்து, கரண்டியை வெளிச்சத்தின் பக்கம் கொஞ்சம் சாய்த்தால் ஒரு சிங்கம் நடந்து போகும். பக்கத்தில் முடிசூடிய சிறுத்தையின் முகம். ஓர் ஆங்கில எழுத்து. செய்தவரின் பெயர் எழுத்துகள். சில கரண்டிகளில் அரசரின் தலையும் உண்டு. இவ்வளவும் தேயாமல் இருந்துவிட்டால் அந்தக் கரண்டி எந்த ஊரில், எந்த ஆண்டில், யாருடைய பட்டறையில் பிறந்தது என்று நின்ற இடத்திலேயே சொல்லிவிடலாம். இருநூற்றைம்பது வயதுப் பொருள், விற்பவர் வாயைத் திறப்பதற்கு முன்பே தன் ஜாதகத்தை நம் கையில் கொடுத்துவிடுகிறது! இதைப் போல நேர்மையான பழம்பொருள் வேறு எதுவும் கிடையாது என்பது என் தீர்மானமான கட்சி.

இந்தக் குத்துகளுக்குப் பின்னால் எழுநூறு ஆண்டுக் கண்டிப்பு இருக்கிறது. 1300இல் முதலாம் எட்வர்ட் போட்ட சட்டப்படி, ஸ்டெர்லிங் மாற்று, அதாவது ஆயிரத்துக்கு 925 பங்கு வெள்ளி இருக்கிறதா என்று சோதித்துச் சிறுத்தை முகத்தைக் குத்திய பிறகுதான் பாத்திரம் தட்டார் கையை விட்டு வெளியேற வேண்டும். 1363இல் செய்தவரின் முத்திரையும் கட்டாயமானது. 1478இல் ஆண்டெழுத்து வந்தது. 1544இல் நடக்கும் சிங்கம் சேர்ந்தது. நாம் இன்று நகைக்கடையில் 916 இருக்கிறதா என்று பார்த்து வாங்குகிறோமே, அதற்கெல்லாம் மூத்த ஏற்பாடு இது.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது ஆண்டெழுத்துதான். பின்னால் வரப்போகும் சேகரிப்பாளர்களுக்கு உதவட்டும் என்று யாரும் அதைக் குத்தவில்லை. லண்டன் கோல்ட்ஸ்மித்ஸ் ஹாலில் மாற்று பார்க்கும் அதிகாரி தவறு செய்தால் எந்த ஆண்டில் யார் பொறுப்பில் இருந்தார் என்று பிடிப்பதற்கான ஏற்பாடு அது. அன்றைய கணக்குக் கண்டிப்பு இன்றைக்கு நமக்குப் புதையலாகிவிட்டது. லண்டனில் இருபது எழுத்துகள் ஒரு சுற்று. சுற்று முடிந்தால் எழுத்தின் வடிவமும் அதைச் சூழ்ந்த கேடயத்தின் வடிவமும் மாறும். 1776இல் சின்ன ‘ஏ’ தொடங்கியது, ஆகவே அந்தச் சுற்றின் சின்ன ‘ஹெச்’ 1783. அதிலும் பழைய நாளில் எழுத்து மாறியது ஜனவரியில் அல்ல, மே மாதக் கடைசியில். இதெல்லாம் மனப்பாடம் ஆகும்வரை பிராட்பரியின் கையடக்க முத்திரைப் புத்தகம் ஒன்று சட்டைப் பையில் இருந்தால் போதும். 1927இல் முதலில் வந்தது, இன்றும் லண்டன் வியாபாரிகள் மேசையில் ஓரம் மடங்கிக் கிடக்கிறது.

ஊர்களும் அப்படித்தான். நங்கூரம் என்றால் பர்மிங்காம். கோட்டை என்றால் எடின்பரோ. கதிர்க்கட்டும் வாளும் செஸ்டர். கிரீடம் ஷெஃபீல்டு, ஆனால் 1975 முதல் அங்கே ரோஜா. பர்மிங்காமின் பெரிய தொழிலதிபர் மேத்யூ போல்ட்டன் தன் வெள்ளிச் சாமான்களை முத்திரைக்காகச் செஸ்டர் வரை அனுப்பவேண்டி இருந்தது. போய்த் திரும்பும் வழியில் அவை நசுங்கி வந்தன. அவர் பாராளுமன்றத்தில் விடாப்பிடியாக முட்டி மோதி, 1773இல் பர்மிங்காமுக்கும் ஷெஃபீல்டுக்கும் சொந்த முத்திரைச் சாலை வாங்கித் தந்தார். அதனால்தான் லண்டனில் கிடைக்கும் சின்னச் சின்ன வெள்ளிப் பொருள்களில் நங்கூரம் இத்தனை இடங்களில் கண்ணில் படுகிறது.

இப்போது 1784க்கு வருவோம். ஒரு டீஸ்பூனை வைத்தே அந்த ஆண்டின் அரசியலைச் சொல்லிவிடலாம்! இளைய பிட் பிரதமர். அமெரிக்கப் போரில் கஜானா காலி. தேயிலைக்கோ 119 சதவீத வரி, அதனால் கடற்கரை எங்கும் கள்ளக்கடத்தல். பிட் தேயிலை வரியை ஒரேயடியாக 12.5 சதவீதத்துக்கு இறக்கினார். டீ மலிந்தது, கரண்டியும் கெண்டியும் சர்க்கரை இடுக்கியும் நடுத்தர வீடுகளுக்குள் புகுந்தன. அதே ஆண்டு டிசம்பரில் வெள்ளிக்கு அவுன்ஸுக்கு ஆறு பென்ஸ் வரி போட்டார். வரி கட்டியதற்குச் சாட்சியாக அரசரின் தலையைக் குத்தச் சொன்னார்கள். முதல் ஒன்றரை ஆண்டு மூன்றாம் ஜார்ஜின் தலை இடப்பக்கம் பார்த்தபடி உள்ளே குழிந்து பதிந்திருக்கும். 1786க்குப் பிறகு வலப்பக்கம் திரும்பி, மேலே புடைத்து நிற்கும். அந்தக் குழிந்த தலை உள்ள ஒரு டீஸ்பூனை முதன்முதலாகக் கையில் எடுத்தபோது எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. இதை வைத்து முதலில் டீ கலக்கியவர், தேயிலை மலிந்த புதுசில் கலக்கியிருப்பார் அல்லவா! வரிக்காக ஆட்சியில் இருப்பவரின் தலையைக் குத்தும் இந்த வழக்கம் 1890 வரை நீடித்தது. ஆகவே பழைய கரண்டியில் இந்த வரித் தலை இருந்தால் 1784க்கும் 1890க்கும் நடுவே என்று சொல்லலாம்.

செய்தவர்களில் என் உள்ளம் கவர்ந்தவர் ஹெஸ்டர் பேட்மன். பால் டி லாமெரியைப் பெரியவர் என்பார்கள், உண்மைதான். விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் மியூசியத்தின் வெள்ளிக் கூடங்களில் அவர் வேலைகளுக்கு முன்னால் பேச்சற்று நின்றிருக்கிறேன். ஆனால் ஹெஸ்டர் வேறு. 1760இல் கணவர் இறந்தார். அடுத்த ஆண்டே ஐம்பத்து மூன்று வயதை நெருங்கிக்கொண்டிருந்த அந்த விதவை, கோல்ட்ஸ்மித்ஸ் ஹாலுக்குப் போய்த் தன் பெயரில் முத்திரையைப் பதிவு செய்தார். சுழித்து எழுதிய ‘ஹெச் பி’. அவருக்கு எழுதத் தெரியாது என்கிறார்கள். பன்ஹில் ரோவில் இருந்த பட்டறையை மகன்களோடு சேர்ந்து முப்பது ஆண்டு நடத்தினார். ஓரத்தில் மணிமணியாக விளிம்பு, வெட்டிய இடமெல்லாம் வைரம் போல மின்னும் கீறல் வேலை, மெலிந்த அழகான உருவம். தகடு மெல்லியது, எடை குறைவு என்று சில வியாபாரிகள் உதட்டைப் பிதுக்குவார்கள். இருக்கட்டுமே! உருளையில் இழைத்த மெல்லிய தகட்டைப் பயன்படுத்தியதால்தானே பிரபு அல்லாதவர் வீட்டுக்கும் வெள்ளி போய்ச் சேர்ந்தது? அந்த இரண்டு சுழித்த எழுத்துகளை லென்ஸில் பார்க்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு அந்த அம்மாளைக் கும்பிடத் தோன்றுகிறது.

முத்திரை மட்டும் படித்தால் போதாது, உடம்பையும் படிக்க வேண்டும். ஹனோவரியன் கரண்டியின் காம்பு நுனி மேல்நோக்கி வளையும். அதை மேசையில் கவிழ்த்து வைப்பார்கள், அதனால் குடும்பச் சின்னம் பின்பக்கம் இருக்கும். 1760களில் வந்த ஓல்டு இங்கிலிஷ் வகையில் நுனி கீழ்நோக்கி வளையும். நிமிர்த்தி வைத்தார்கள், சின்னம் முன்பக்கம் வந்தது. ஹனோவரியன் கரண்டியின் முன்பக்கத்தில் சின்னம் இருந்தால் அது பிற்காலத்துக் கைவேலை என்று சந்தேகப்பட வேண்டும். சுமார் 1780 வரை முத்திரைகளைக் காம்பின் அடியில், குழிக்குப் பக்கத்தில் குத்தினார்கள். முத்திரை குத்தித் திரும்பி வந்த கரண்டியைத் தட்டார் மீண்டும் தட்டிச் சீராக்கும்போது அவை நெளிந்து இறுகிப்போகும். அந்த நெளிசலைக் குறை என்று நினைக்காதீர்கள், அதுதான் அசல் என்பதற்கு அடையாளம்.

குழியின் நுனி ஒரு பக்கமாகத் தேய்ந்திருக்கும். தலைமுறை தலைமுறையாகத் தட்டைச் சுரண்டிய கைகள் தேய்த்தது அது. லேசான தேய்மானம் எனக்குப் பிடிக்கும். ஆனால் சில வியாபாரிகள் தேய்ந்த நுனியை வெட்டி உருண்டையாக்கி விடுகிறார்கள், குழி குட்டையாகிக் கரண்டியின் வடிவமே போய்விடும். அழகாக இருந்த பழைய மேசைக்கரண்டியை எடுத்து, விக்டோரியா காலத்தில் குழி முழுக்கத் திராட்சையும் பேரிக்காயும் புடைத்து, முலாம் பூசிப் ‘பெர்ரி ஸ்பூன்’ ஆக்கியதை என்னால் மன்னிக்கவே முடியவில்லை. பதினெட்டாம் நூற்றாண்டு முள்கரண்டி அரிது என்பதால் கரண்டியையே வெட்டி முள்ளாக்கி விற்பதும் உண்டு. முள்ளின் நீளமும் தடிமனும் பொருந்தாமல் காட்டிக் கொடுத்துவிடும்.

பெரிய பாத்திரம் என்றால் ஓர் எளிய சோதனை. வெள்ளியின் மேல் வாயால் ஊதுங்கள். ஆவி படியும் அந்த ஒரு கணத்தில் பற்றாசு வைத்து ஒட்டிய கோடுகளும், அழித்த சின்னத்தின் நிழலும் எழும்பி வரும். அழித்த இடத்தைக் கட்டைவிரலால் மெதுவாக அமுக்கினால் தகடு உள்வாங்கும். 1720 முதல் 1758 வரை அவுன்ஸ் கணக்கில் வரி இருந்தபோது, சில தட்டார்கள் சின்னப் பொருளுக்கு முத்திரை வாங்கி அந்தத் துண்டை வெட்டிப் பெரிய கெண்டியின் அடியில் பதித்து வரியைத் தப்பினார்கள். ஊதிப் பார்த்தால் அந்தத் துண்டின் விளிம்பு தெரியும். இன்னும் ஒன்று, அடியில் ஊசியால் கீறியது போல எண்கள் இருக்கும். பாத்திரம் பிறந்தபோது இருந்த எடை, ட்ராய் அவுன்ஸிலும் பென்னிவெயிட்டிலும். ஒரு ட்ராய் அவுன்ஸ் 31.1 கிராம். இன்றைய தராசில் வைத்துப் பாருங்கள். கொஞ்சம் குறைந்திருந்தால் மெருகு தேய்த்த சேதாரம். ரொம்பக் குறைந்திருந்தால் எதையோ சுரண்டியிருக்கிறார்கள். கூடியிருந்தால் பிற்காலத்தில் மூக்கோ கைப்பிடியோ ஒட்டியிருக்கிறார்கள்.

கற்றுக்கொள்ளச் சிறந்த இடம் லண்டன் சான்சரி லேனில், தரைக்கு அடியில் இருக்கும் சில்வர் வால்ட்ஸ். பாதுகாப்புப் பெட்டகங்களாக இருந்த அறைகள் இன்று கடைகள், ஒவ்வொன்றுக்கும் கனத்த இரும்புக் கதவு. உள்ளே தரையிலிருந்து கூரை வரை வெள்ளி! வாங்காவிட்டாலும் கையில் கொடுப்பார்கள். நல்ல பொருள் கையில் எப்படி உட்காரும் என்பது எந்தப் புத்தகத்திலும் இல்லை, அங்கேதான் இருக்கிறது. வாங்குவதற்கு எனக்குப் போர்ட்டபெல்லோ ரோடு, சனிக்கிழமை விடியற்காலை. ஒற்றைக் கரண்டிகளைக் குவித்துப் போட்டிருக்கும் மேசைகளைத்தான் தேடிப் போவேன். முழு செட் வாங்க வசதி வேண்டும், ஒற்றைக் கரண்டிக்குக் கண் இருந்தால் போதும்.

முலாம் பூசியவற்றைப் பற்றி நிறையச் சொல்ல எனக்கு ஆசையில்லை. 1743 வாக்கில் தாமஸ் போல்சோவர் செம்பின் மேல் வெள்ளித் தகட்டைச் சூட்டில் ஒட்டிய ஷெஃபீல்டு பிளேட்டுக்கு ஒரு தனி அழகு உண்டு, விளிம்பில் எட்டிப் பார்க்கும் செம்பு எனக்கும் பிடிக்கும். 1840இல் எல்கிங்டன் மின்முலாம் வந்ததும் அதன் கதை முடிந்தது. நடக்கும் சிங்கம் இல்லையென்றால் என் மனம் அவ்வளவாக ஒட்டுவதில்லை. சென்னை மவுண்ட் ரோட்டு பி. ஆர் அண்ட் சன்ஸ் செய்த சுவாமி உருவ வெள்ளி மட்டும் விதிவிலக்கு. அதில் சிங்கமும் ஆண்டெழுத்தும் கிடையாது, ஆனால் நம்மூர்த் தட்டார் கைவண்ணம் லண்டன் ஏலத்தில் வந்து நிற்கும்போது பெருமை பொங்குகிறது.

இத்தனை பழைய வெள்ளி மிஞ்சியிருப்பதே ஓர் அதிசயம். 1640களின் உள்நாட்டுப் போரில் முதலாம் சார்ல்ஸ் ஆக்ஸ்ஃபோர்டு கல்லூரிகளின் வெள்ளியை உருக்கி நாணயம் அடித்தார். அந்த நூற்றாண்டின் கடைசியில் நிலைமை தலைகீழ், நாணயத்தை ஓரம் வெட்டி உருக்கிப் பாத்திரம் செய்தார்கள். அதைத் தடுக்க 1697இல் பாத்திரத்தின் மாற்றை ஆயிரத்துக்கு 958.4 ஆக உயர்த்தினார்கள். 1720 வரை பிரிட்டானியா உருவம் குத்திய அந்த மென்மையான வெள்ளிக்கு ஒரு கொழுத்த பளபளப்பு உண்டு, தொட்டால் விட மனம் வராது. 1980 ஜனவரியில் ஹண்ட் சகோதரர்கள் என்ற அமெரிக்கக் கோடீஸ்வரர்கள் வெள்ளியை வாங்கிக் குவித்து விலை அவுன்ஸுக்கு ஐம்பது டாலரை எட்டியபோது, ஜார்ஜ் காலத்துப் பாத்திரங்கள் மூட்டை மூட்டையாக உலைக்குப் போயின. வெள்ளி விலை ஏறும்போதெல்லாம் எனக்கு அந்த உலை ஞாபகம் வரும். ஒரு கரண்டியை வாங்கி வீட்டுக்குக் கொண்டுவருவது அதை உலையிலிருந்து காப்பாற்றுவதும் ஆகும்.

வாங்கியதைப் பூட்டி வைக்காதீர்கள், சாப்பிடுங்கள்! தினம் புழங்கும் வெள்ளிக்கு மெருகே தேவையில்லை. வெதுவெதுப்பான தண்ணீர், கொஞ்சம் சோப்பு, உடனே மெல்லிய துணியால் துடைத்தால் போதும். உப்பும் முட்டையும் ஆகாது, உப்பு அரிக்கும், முட்டையின் கந்தகம் கறுக்க வைக்கும். உப்புக் கிண்ணத்துக்குள் அந்தக் காலத்தில் நீலக் கண்ணாடி வைத்தது அதனால்தான். ரப்பர் பேண்டு போட்டுக் கட்டவே கூடாது, அதிலும் கந்தகம். பழைய கத்திகளைச் சுடுநீரில் ஊறவைத்தால் கைப்பிடிக்குள் இருக்கும் அரக்கு இளகிக் கழன்றுவிடும். மெஷினில் கொடுத்துப் பளபளவென்று தீட்டினால் முத்திரையும் போகும், இருநூறு ஆண்டு கைபட்டு வந்த அந்த நீலம் கலந்த நிறமும் போகும்.

எனக்கு இப்போது பைத்தியம் பிடித்திருப்பது படம் போட்ட டீஸ்பூன்கள் மேல். பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், கவிழ்த்து வைத்தால் தெரியும்படி குழியின் பின்பக்கத்தில் சின்னச் சித்திரம் ஒன்றை அச்சில் அடித்தார்கள். என்னிடம் சங்கு இருக்கிறது, பாய்மரக் கப்பல் இருக்கிறது, கதிர்க்கட்டு இருக்கிறது. எல்லாவற்றிலும் அருமையானது 1760களில் அரசை எதிர்த்துச் சிறை போன ஜான் வில்க்ஸின் ஆதரவாளர்களுக்காகச் செய்தது: திறந்த கூண்டு, மேலே பறவை, ‘ஐ லவ் லிபர்ட்டி’ என்ற வாசகம். விரல்நுனி அளவு இடத்தில் ஓர் அரசியல் முழக்கம், அதுவும் டீ மேசையில்! வியாபாரிகள் எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். முத்திரை தேய்ந்திருந்தாலும் பரவாயில்லை, ஒற்றைக் கரண்டியாக இருந்தாலும் பரவாயில்லை. கண்ணில் பட்ட அன்றைக்கே வாங்கிவிடுவேன், மறுநாளே அதில்தான் டீ கலக்குவேன்.