எண்ணை நம்பாதே, கோட்டைப் பார்: கொடைக்கானலில் ஆஃப்டர்பர்னர்

கேம் திக்கினால் நம் ஊரில் பழி நேராகக் கிராபிக்ஸ் கார்டின் தலையில்தான் விழும். புது கார்டுக்குக் காசை இறைக்குமுன் செலவில்லாத ஒரு சோதனை இருக்கிறது: எம்.எஸ்.ஐ. ஆஃப்டர்பர்னர், அதோடு சேர்ந்தே வரும் ரிவாட்யூனர் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் சர்வர். கொடைக்கானலில் என் கேமிங் லேப்டாப்பில் இந்த ஜோடியைத்தான் ஓடவிட்டுப் பார்த்தேன். பெயரில் எம்.எஸ்.ஐ. இருந்தாலும் மற்ற கம்பெனி கார்டுகளிலும் வேலை செய்யும்.

எம்.எஸ்.ஐ.யின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். 2022-இல் இதே பெயரில் போலித் தளங்கள் முளைத்து, கிரிப்டோ மைனரைச் சத்தமில்லாமல் ஏற்றிவிட்டன. நிறுவிய பிறகு செட்டிங்ஸில் மானிட்டரிங் பக்கம் போய் ஃபிரேம்ரேட், ஃபிரேம்டைம், ஜி.பி.யு. வெப்பம், ஜி.பி.யு. பயன்பாடு நான்கையும் திரையில் காட்டச் சொல்லுங்கள். ஃபிரேம்டைமை மட்டும் எண்ணாக வைக்காமல் 'கிராஃப்' என்று மாற்றுங்கள். இந்த மென்பொருளின் அருமையே அந்தக் கோட்டில்தான் இருக்கிறது.

ஏன் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு விநாடியில் 59 ஃபிரேம்கள் தலா 16 மில்லி விநாடியில் வந்து, ஒன்று மட்டும் 56 மில்லி விநாடி இழுத்தால் மொத்தம் சரியாக 1,000. மூலையில் '60 எஃப்.பி.எஸ்.' என்று அழகாக நிற்கும். கண்ணுக்கோ வெட்டு தெரியும். சராசரி மறைப்பதைக் கோடு ஒரு முள்ளாகக் குத்திக் காட்டிவிடும்.

மலையில் இந்தக் கோடு வேறு கதையும் சொல்கிறது. அடிவாரத்து வத்தலக்குண்டில், மே மாத வெயிலில், இதே லேப்டாப் சூடேறியதும் ஜி.பி.யு. தன் வேகத்தைக் குறைத்துக்கொண்டது. கோடு முழுக்க முட்கள். மேலே வந்ததும் அந்தத் தொல்லை போயிற்று. சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. ஆகவே ஃபேன் தள்ளும் காற்று அவ்வளவாக வெப்பத்தை அள்ளாது. ஆனால் அறையின் குளிர் அந்த நஷ்டத்தை ஈடுகட்டி மிச்சமும் வைக்கிறது.

அப்படியும் சில இடங்களில் கேம் திக்கியது. புதுப் பகுதிக்குள் நுழையும் நொடியில் முள் எழும்; அதே நொடியில் ஜி.பி.யு. பயன்பாடு சரியும். கார்டு சும்மா காத்திருக்கிறது, தாமதம் சி.பி.யு.விலோ டிஸ்கிலோ என்று அர்த்தம். இந்த நிலையில் கார்டை மாற்றினால் காசுதான் வீண்.

இன்னொன்று கரண்ட். மழைக்காற்றில் மரம் சாய்ந்து லைன் போவது இங்கே சகஜம். பகலில் லைட் எரியாததால், லேப்டாப் பேட்டரிக்கு மாறியதே தெரியாது. கேம் மட்டும் திடீரென்று கனக்கும். கோட்டைப் பார்த்தால் முள்ளே இல்லாமல் 33 மில்லி விநாடியில் நூல் பிடித்தாற்போல் கிடக்கும். என்விடியா லேப்டாப்களில் உள்ள பேட்டரி பூஸ்ட் வசதி 30 எஃப்.பி.எஸ்.ஸில் கட்டிவைப்பதன் அடையாளம் அது. கோளாறு எதுவும் இல்லை.

குறைகளும் உண்டு. ஆஃப்டர்பர்னரின் முகப்பு விண்கல ரேஸ் கேம்போல இருக்கிறது, எழுத்து பொடி. ஓவர்கிளாக் செய்யும் ஸ்லைடர்கள் முன்னாலேயே இருப்பதால் விவரம் தெரியாமல் கைவைத்தால் சிஸ்டம் தொங்கும். சில ஆன்லைன் கேம்களின் ஆன்டி-சீட் இந்த ஓவர்லேயை அனுமதிப்பதில்லை. எஃப்.பி.எஸ். எண் மட்டும் போதும் என்பவர்களுக்கு விண்டோஸ் கீயோடு 'ஜி' அழுத்தினால் வரும் கேம் பாரே போதும். லினக்ஸில் மாங்கோஹட் இருக்கிறது. ஒரு காலத்தில் எல்லோரும் வைத்திருந்த ஃபிராப்ஸை இனி தேட வேண்டாம்; 2013-க்குப் பிறகு அதற்கு அப்டேட்டே இல்லை.

இவ்வளவுக்கும் மேலாக, ரிவாட்யூனரில் இருக்கும் 'ஃபிரேம்ரேட் லிமிட்' ஒன்றுக்காகவே இதை வைத்துக்கொள்ளலாம். 120 ஹெர்ட்ஸ் திரையில் 60 நிலைக்கவில்லையா? 40 என்று கட்டுங்கள். மூன்று ரிஃப்ரெஷுக்கு ஒரு ஃபிரேம், தலா 25 மில்லி விநாடி. 45-க்கும் 60-க்கும் இடையே தாவுவதைவிட அது வழுவழுவென ஓடும்; கார்டின் சூடும் குறையும், பேட்டரியும் கூடுதல் நேரம் தாங்கும்.